வெளிச்சத்தால் இழுத்த கம்பி

“இறங்குது,” என்றார் அருள்செல்வி மேடம்.

“ஏறுது மேடம்,” என்றாள் ஹுமைரா.

“நான் மீட்டரைப் பார்த்துக்கிட்டேதான் பேசுறேன். பதினெட்டுல இருந்துச்சு, இப்ப பன்னெண்டு. இறங்குது.”

“நானும் பார்த்துக்கிட்டேதான் மேடம் பேசுறேன். முள்ளு முப்பத்தஞ்சைத் தாண்டிப் போய்க்கிட்டே இருக்கு.”

மன்னார்குடியில் ஒரு மகளிர் கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில், கைப்பேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு நின்றாள் ஹுமைரா. அந்தப் பக்கம் தஞ்சாவூரில், தன் ஆய்வகத்தில், அவளுடைய ஆய்வு வழிகாட்டியான பேராசிரியர் அருள்செல்வி. நடுவில் முப்பத்தைந்து கிலோமீட்டர் வயல். இருவர் முன்னாலும் இருந்தது ஒரே பொருள்தான். ஒரு கண்ணாடித் துண்டை நடுவில் கீறி உடைத்த இரண்டு பாதிகள்.

அந்தக் கண்ணாடிக்கு ‘நாற்பத்தொன்று’ என்று பெயர். ஐந்து வருடங்களில் ஹுமைரா செய்த நாற்பத்தோராவது மென்படலம் அது. தஞ்சாவூர் ஆய்வகத்தின் வெற்றிட இயந்திரத்துக்குள் கண்ணாடியை வைத்து, துத்தநாக ஆக்சைடு ஓர் அடுக்கு, அதன் மேல் டங்ஸ்டன் ஆக்சைடு ஓர் அடுக்கு என்று மாற்றி மாற்றிப் பன்னிரண்டு அடுக்குகள் படிய வைத்திருந்தாள். பன்னிரண்டும் சேர்ந்தாலே தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் வரும். பார்வைக்கு வெறும் கண்ணாடி. சாய்த்துப் பிடித்தால் மட்டும், மண்ணெண்ணெய் சிந்திய தண்ணீர் மாதிரி லேசாக நிறம் காட்டும்.

சோதனையும் சிக்கலானதில்லை. படலத்தின் இரண்டு ஓரத்திலும் வெள்ளிப் பசையால் கம்பி ஒட்டி, ஒன்பது வோல்ட் பேட்டரியில் சேர்த்து, கறுப்புப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். பெட்டியின் மூடியைத் திறந்து ஜன்னல் வெளிச்சத்தைக் காட்ட வேண்டும். வெளிச்சம் பட்டதும் படலத்தில் ஓடும் மின்சாரம் எத்தனை மைக்ரோ ஆம்பியர் மாறுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். இதற்கென்றே தஞ்சாவூரில் இருந்த விளக்கு இரண்டு மாதமாகப் பழுது. புதுக் குழல் இன்னும் வந்து சேரவில்லை. அதனால்தான் ஜன்னல். முந்தைய நாற்பது படலங்களும் வெளிச்சம் பட்டால் கொஞ்சம் ஏறின, மூடினால் கொஞ்சம் இறங்கின. நல்ல பிள்ளைகள். இந்த நாற்பத்தொன்று மட்டும் இரண்டு ஊரில் இரண்டு விதமாகப் பேசியது.

ஹுமைரா முத்துப்பேட்டையில் பிறந்தவள், வாழ்க்கைப்பட்டது மன்னார்குடியில். கணவர் இர்பான் ஷார்ஜாவில் வேலை பார்த்தார். வாரத்தில் ஐந்து நாள் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர், சனிக்கிழமை மட்டும் தஞ்சாவூரில் ஆராய்ச்சி மாணவி. சனிக்கிழமையோடு வேலை தேங்கிவிடக் கூடாது என்றுதான் படலத்தை இரண்டாக உடைத்து, ஒரு பாதியை அவளிடம் கொடுத்திருந்தார் மேடம். தினமும் பகல் பன்னிரண்டு மணிக்கு இருவரும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும் என்று ஏற்பாடு. ஐந்து நாளாக அளந்தார்கள். ஐந்து நாளும் இதே ‘ஏறுது, இறங்குது’தான்.

“வெள்ளிப் பசை விட்டுருக்கும். கம்பியைப் பாரு,” என்றார் மேடம்.

“ரெண்டு தடவை புதுசா ஒட்டிட்டேன் மேடம். உங்க பக்கம் பார்த்தீங்களா?”

“நான் இருபத்தாறு வருஷமா கம்பி ஒட்டுறேன்ம்மா.” குரலில் கொஞ்சம் சூடு ஏறியிருந்தது. “இங்க பாரு ஹுமைரா, தை மாசத்துக்குள்ள நீ ஆய்வுச் சுருக்கத்தைக் குடுக்கணும். நாப்பது படலம் ஒழுங்கா இருக்கு. இந்த ஒண்ணை விட்டுத்தள்ளு.”

“ஒரே ஒரு வாரம் குடுங்க மேடம்.”

“சரி, சனிக்கிழமை உன் பாதியை எடுத்துக்கிட்டு வா. என் மேசையில வெச்சு நானே அளக்கிறேன். அப்புறம் பேசுவோம்.”

புரட்டாசி பாதி போயிருந்தது. குறுவை அறுவடை நடந்துகொண்டிருந்ததால் வடுவூர்ச் சாலையில் பாதியை நெல் பிடித்துக்கொண்டிருந்தது. காயப் போட்ட நெல்லுக்கு வழிவிட்டு வழிவிட்டு, பஸ் ஒரு பக்கமாகவே ஊர்ந்தது. ஹுமைரா மடியில் ஒரு எவர்சில்வர் டப்பா. அதற்குள் கறுப்புத் துணியில் சுற்றிய பாதிக் கண்ணாடி. கிளம்புவதற்கு முன் ஒரு தடவை அளந்து பார்த்திருந்தாள். வெளிச்சத்தில் நாற்பதுக்கு ஏறியது. ‘இதை மேடம் கண்ணால பார்க்கணும்’ என்று வழி நெடுக நினைத்துக்கொண்டே போனாள்.

மேடம் பார்த்தார். மேடத்தின் மேசை மேல், மேடத்தின் மீட்டரில், மேடமே மூடியைத் திறந்தார். டியூப்லைட்டின் மினுக்கல் மீட்டரில் கலந்துவிடும் என்பதால் அளக்கும்போது அதை அணைத்துவிடுவது அங்கே வழக்கம். ஜன்னல் வெளிச்சம் மட்டும் படலத்தின் மேல் விழுந்தது.

முப்பத்தெட்டு. முப்பத்தொன்று. இருபத்திரண்டு. பதினான்கு.

இறங்கியது.

ஹுமைரா பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். மூடினாள், திறந்தாள், இறங்கியது. கம்பியைத் தொட்டுப் பார்த்தாள்; இறுக்கமாகத்தான் இருந்தது. கடைசியில் மீட்டர் ஒன்றுக்கும் கீழே போய் நின்றது.

“காலையில நாப்பது இருந்துச்சு மேடம்,” என்றாள். தன் காதுக்கே அது சாக்குப்போக்கு மாதிரி கேட்டது.

“இருந்திருக்கும்மா. பொய் சொல்றேன்னு யாரு சொன்னா?”

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள் வெளியே ஒன்றையும் பார்க்கவில்லை. வடுவூர் வரும்போதுதான் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். முப்பத்தெட்டு! டப்பாவைத் திறந்ததும் மீட்டர் காட்டிய முதல் எண் முப்பத்தெட்டு. காலையில் நாற்பதில் விட்டது, டப்பாவுக்குள், கறுப்புத் துணிக்குள், இரண்டு மணி நேரம் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லாமல் கிடந்து, அப்படியே முப்பத்தெட்டில் நின்றிருக்கிறது. இருட்டில் போட்டால் எந்தப் படலமும் இறங்கத்தான் வேண்டும். இது ஏன் இறங்கவில்லை? மன்னார்குடியில் மூடியை மூடிய பிறகும் முள் அசையாமல் நிற்பதை அவள் முன்பே பார்த்திருந்தாள். பெட்டியில் எங்கோ ஓட்டை, வெளிச்சம் கசிகிறது என்று நினைத்து, மூலைக்கு மூலை கறுப்பு டேப் ஒட்டியதோடு சரி.

வீட்டுக்குப் போகவில்லை. நேரே கல்லூரிக்குப் போய், சனிக்கிழமையும் வந்திருந்த காவலாளியிடம் சாவி வாங்கி, ஆய்வகத்தைத் திறந்தாள். தஞ்சாவூரில் ஒன்றுக்கும் கீழே போன அதே கண்ணாடியைத் தன் ஜன்னலில் வைத்தாள். முள் ஒரு நொடி யோசித்த மாதிரி நின்றது. பிறகு ஏறத் தொடங்கியது. ஐந்து, பத்து, இருபத்தைந்து.

ஆளில்லாத ஆய்வகத்தில் ஹுமைரா வாய்விட்டுச் சிரித்தாள்.

பழுது என்றால் அது எங்கே போனாலும் பழுதாகத்தானே இருக்க வேண்டும்? ஊருக்கு ஊர் குணம் மாறுகிறது என்றால், அந்த ஊரில் ஏதோ இருக்கிறது. அது என்ன என்று பிடிக்க வேண்டும்.

அந்த வாரம் முழுக்க அவளுக்கு அதே நினைப்புதான். வகுப்பில் வெப்பவியல் நடத்திக்கொண்டிருக்கும்போதே பாதியில் நிறுத்திவிட்டு எதையோ நோட்டில் கிறுக்கினாள். மீட்டரா? பேட்டரியா? தஞ்சாவூர் ஆய்வகத்தில் ஏசி ஓடும், மன்னார்குடியில் மின்விசிறிதான், ஒருவேளை ஈரப்பதமா? அடுத்த சனிக்கிழமை தன்னுடைய மீட்டர், தன்னுடைய பேட்டரி, தன்னுடைய கம்பி, தன்னுடைய கறுப்புப் பெட்டி எல்லாவற்றையும் ஒரு கட்டைப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

“என்னம்மா, குடித்தனமே வந்துட்ட மாதிரி இருக்கு?” என்றார் மேடம். ஆனால் அவரும் சும்மா இருக்கவில்லை என்பது மேசையைப் பார்த்ததும் தெரிந்தது. தன் பாதிக்குப் புதிதாகக் கம்பி ஒட்டி, ஏசியை அணைத்து, போட்டு, மறுபடி அணைத்து, நான்கு பக்கத்துக்குக் கணக்கு எழுதி வைத்திருந்தார்.

ஒவ்வொன்றாக மாற்றினார்கள். ஹுமைராவின் மீட்டர், இறங்கியது. ஹுமைராவின் பேட்டரி, இறங்கியது. ஏசியை நிறுத்தி ஜன்னல் கதவைத் திறந்து வைத்தார்கள், இறங்கியது. மாற்ற இனி ஒன்றும் மீதி இல்லை என்ற நேரத்தில் ஹுமைராவின் பாதியில் கம்பி ஒன்று பட்டென்று நடுவில் அறுந்தது.

முடி மாதிரி மெல்லிய கம்பி. வெள்ளிப் பசை அதைப் படலத்தோடு ஒட்டத்தான் உதவும்; அறுந்த முனை இரண்டையும் சேர்க்கும் வித்தை தெரிந்த ஆள் ஹுமைராவின் தம்பி அஸார்தான். முத்துப்பேட்டையில் ‘அஸார் லைட் டெக்கரேஷன்ஸ்’ என்று கடை வைத்திருந்தான். கந்தூரி, கல்யாணம், மாதாகோயில் தேர்பவனி, அம்மன் கோயில் திருவிழா என்று எங்கே என்ன விசேஷம் நடந்தாலும் சீரியல் பல்பு கட்டுவது அவன்தான். அன்றைக்குப் பாபநாசத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் இருந்தான். ஹுமைரா மேசையை ஒரு போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பி, ‘இந்தக் கம்பியை எப்படிடா ஒட்டுறது?’ என்று கேட்டாள்.

ஒரு நிமிடத்தில் அவனே அக்காவைக் கூப்பிட்டான்.

“லாத்தா, கம்பி இருக்கட்டும். அங்க என்ன பச்சை லைட்டு போட்டுருக்கீங்க?”

“பச்சை லைட்டா? லைட்டே போடலடா. ஜன்னல் வெளிச்சம்தான்.”

“சும்மா சொல்லாதீங்க. பக்கத்துல ஒரு மேடம் நிக்கிறாங்கல்ல, அவங்க கோட்டு பச்சையா இருக்கு. மேசை மேல பேப்பர் பச்சையா இருக்கு. உங்க கைகூட பாம்பு மாதிரி பச்சையா இருக்கு.”

ஹுமைரா கைப்பேசியை இறக்கி, தான் எடுத்த படத்தைப் பார்த்தாள். பிறகு மேடத்தின் கோட்டைப் பார்த்தாள். கண்ணுக்கு அது வெள்ளையாகத்தான் தெரிந்தது. படத்தில் பச்சை. உள்ளே வந்து பத்து நிமிடத்தில் கண் பழகிப்போய் எல்லாவற்றையும் வெள்ளை என்று சொல்லிக்கொண்டிருந்தது. கேமராவுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

“மேடம்,” என்றாள். “ஜன்னலுக்கு வெளிய என்ன இருக்கு?”

இருவரும் சேர்ந்தே திரும்பினார்கள். பக்கத்துக் கட்டடத்தில் பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தது. தூசி உள்ளே வரக் கூடாது என்று, சாரத்திலிருந்து இந்தக் கட்டடத்து ஜன்னல் வரைக்கும் பச்சை வலையை இழுத்துக் கட்டியிருந்தார்கள். நாற்றங்காலுக்கு நிழல் போடுகிற அதே வலை. அது கட்டி மூன்று வாரம் இருக்கும். தினமும் பார்க்கிற பொருள் என்பதாலேயே அதை யாரும் பார்க்கவில்லை.

அடுத்து நடந்ததை அந்த மேஸ்திரி இன்னும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். ஐம்பத்தாறு வயதுப் பேராசிரியர், வெள்ளைக் கோட்டோடு, மணல் குவியலைத் தாண்டிக்கொண்டு ஓடி வந்து சாரத்துக்குக் கீழே நின்றார்.

“மேஸ்திரி! அந்த வலையைக் கொஞ்சம் தூக்குங்க!”

“எதுக்கும்மா? தூசி உள்ள போயிருமே.”

“போகட்டும், தூக்குங்க!”

மேஸ்திரி தூக்கிப் பிடித்தார். ஆய்வகத்துக்குள் வெயில் வெள்ளையாக வந்து விழுந்தது. அறுந்த கம்பிப் பாதியை ஒதுக்கிவிட்டு மேடத்தின் பாதியைப் பெட்டிக்குள் வைத்திருந்த ஹுமைரா, ஜன்னலுக்குள்ளிருந்து கத்தினாள்.

“ஏறுது மேடம்! ஏறுது!”

“இப்ப விடுங்க மேஸ்திரி!”

வலை விழுந்தது.

“இறங்குது!”

“தூக்குங்க!”

“ஏறுது!”

“விடுங்க!”

சிமெண்ட் சட்டியோடு நின்ற சித்தாள்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பதினோரு தடவை தூக்கி, பதினோரு தடவை விட்டார் மேஸ்திரி. ஒரு தடவைகூடப் படலம் தப்பு செய்யவில்லை. உள்ளே திரும்பி வந்தபோது மேடத்துக்கு மூச்சு வாங்கியது. செருப்பெல்லாம் மணல். நாற்காலியில் உட்கார்ந்து, ஹுமைராவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நாம ரெண்டு பேரும் சரியாத்தான் அளந்திருக்கோம்ம்மா.”

“ஆமா மேடம்.”

“அஞ்சு நாளு! ஒரே படலத்தை வெச்சுக்கிட்டு சண்டை போட்டிருக்கோம். நான் மேசையில வைக்கும்போது டியூப்லைட்ல ஏறியிருக்கு. அளக்குறப்ப அதை அணைச்சுட்டு ஜன்னலைக் காட்டுனா, பச்சையில இறங்கியிருக்கு.”

“அது மட்டும் இல்ல மேடம்.” ஹுமைரா பஸ்ஸில் தனக்குத் தோன்றியதைச் சொன்னாள். டப்பாவுக்குள் இருட்டில் இரண்டு மணி நேரம் முப்பத்தெட்டில் நின்ற கதை. “எந்த வெளிச்சம் கடைசியா பட்டுச்சோ, அதை ஞாபகம் வெச்சுக்குது. வெளிச்சம் போன பிறகும்.”

மேடம் அவளை உற்றுப் பார்த்தார். “இதை ஏன் போன வாரமே சொல்லல?”

“போன வாரம் சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா மேடம்?”

“நம்பியிருக்க மாட்டேன்,” என்றார் மேடம் ஒளிக்காமல். “இப்பவே இதை நாப்பதுல நிறுத்தி மூடி வை. பெட்டியைச் சுத்தி துணியைக் கட்டு. நாளைக்குத் திறப்போம். அப்புறம் உன் தம்பியைக் கூப்பிடு. என்னென்ன நிறத்துல லைட்டு வெச்சிருக்காரோ எல்லாத்தையும் கொண்டு வரச் சொல்லு.”

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மேடம் தேவாலயத்திலிருந்து நேரே ஆய்வகத்துக்கு வந்துவிட்டார். பட்டுப்புடவை மேலேயே கோட்டை மாட்டிக்கொண்டார். அஸார் பாபநாசத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். முன்னால் ஒரு சாக்கு, பின்னால் ஒரு சாக்கு. பிரித்துக் கொட்டியதும் ஆய்வக மேசை திருவிழாக் கடை மாதிரி ஆகிவிட்டது. சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா என்று கொத்துக் கொத்தாக எல்.இ.டி. பல்புகள்.

முதலில் பெட்டி. துணியை அவிழ்த்து, அறையை இருட்டாக்கி, மூடியைத் திறக்காமலே மீட்டரை மட்டும் பொருத்தினாள் ஹுமைரா. நேற்று மதியம் இரண்டு மணிக்கு நாற்பதில் மூடியது.

முப்பத்தாறு.

“இருபத்தோரு மணி நேரம்!” என்றார் மேடம். நோட்டை இழுத்து அந்த எண்ணை எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.

பிறகு நிறங்கள். சிவப்பைக் காட்டினார்கள், முள் அசையவில்லை. மஞ்சள், அசையவில்லை. பச்சையைக் காட்டியதும் தண்ணீர் வடிகிற மாதிரி இறங்கி, சில நிமிடங்களில் பூஜ்யத்தை ஒட்டி நின்றது. நீலத்துக்கு மெல்ல ஏறியது. ஊதாவைக் காட்டினான் அஸார். முள் துள்ளிப் போய் ஐம்பதைத் தொட்டது. அவன் பயந்து கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

“என்ன லாத்தா, உயிரோட இருக்குற மாதிரி குதிக்குது!”

“இன்னும் ஒரு தடவை காட்டுடா. பச்சை, அப்புறம் ஊதா.”

அடித்தான். அழித்தான். மறுபடி அடித்தான். மேடம் குறித்துக்கொண்டே, உள்ளே என்ன நடக்கிறது என்று அவனுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவில் எலெக்ட்ரான்கள் சிக்கிக் கிடக்கின்றன. ஊதா வெளிச்சத்துக்கு அவற்றைக் கிளப்பிவிடும் வலு இருக்கிறது. கிளம்பியவை பக்கத்து அடுக்குக்குத் தாவி ஓடுகின்றன. திரும்பிப் போக நடுவில் தடுப்பு இருப்பதால், விளக்கை அணைத்த பிறகும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. பச்சை வெளிச்சம் அந்தத் தடுப்பைத் தாண்ட வைத்துப் பழைய இடத்துக்கே அனுப்பிவிடுகிறது. “இது என் ஊகம்தான் தம்பி. சரியான்னு இனிமேதான் பார்க்கணும்,” என்று முடித்தார்.

அஸார் தலையாட்டிக்கொண்டே கண்ணாடித் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்.

“மேடம், ஊதா படுற இடத்துல மட்டும்தான கரண்ட் போவும்?”

“ஆமா.”

“அப்ப இது மேல நான் ஊதா வெளிச்சத்தால ஒரு கோடு போட்டா? அந்தக் கோட்டுல மட்டும் போவுமா? கம்பி இழுத்த மாதிரி?”

ஹுமைரா மேடத்தைப் பார்த்தாள். மேடம் ஹுமைராவைப் பார்த்தார். ஐந்து வருடம், நாற்பத்தொரு படலம், அலமாரி நிறையப் புத்தகம். இரண்டு பேரில் ஒருவருக்கும் இது தோன்றியிருக்கவில்லை. ஏறுகிறதா, இறங்குகிறதா என்று மொத்தமாக அளக்கத் தெரிந்ததே தவிர, அதன் மேல் எழுதலாம் என்று தோன்றவில்லை. வாழ்க்கை முழுக்கக் கம்பி இழுத்தவனுக்குத் தோன்றியது.

“அஸார்,” என்றாள் ஹுமைரா, “மத்தியானச் சாப்பாடு வேணாம். உக்காரு.”

மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். மேடத்தின் பாதியில் பழைய பசையைத் துடைத்து, நான்கு மூலையிலும் நான்கு வெள்ளிப் பொட்டு வைத்தாள் ஹுமைரா. ஒரு மூலையில் பேட்டரி. மற்ற மூன்று மூலைக்கும் அஸார் இரண்டிரண்டு டிரான்சிஸ்டர் வைத்து, ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு சிவப்பு எல்.இ.டி.யை ஈயம் வைத்து ஒட்டினான். படலத்தில் ஓடுவது துளி மின்சாரம். அதைப் பெருக்கி விளக்கு எரிய வைக்க அந்த டிரான்சிஸ்டர்கள். சிவப்புதான் படலத்தை ஒன்றும் செய்யாது என்று அன்றைக்குக் காலையிலேயே தெரிந்துவிட்டதே! அழித்த படலத்துக்கு விளக்கு எரியக் கூடாது, ஏற்றிய படலத்துக்கு எரிய வேண்டும். அதற்காக ரெசிஸ்டரை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தான். பேனாவுக்கு, கடைகளில் கள்ளநோட்டு பார்க்க வைத்திருப்பார்களே, அந்த ஊதா டார்ச். அதன் வாயை மிட்டாய்த் தகடால் மூடி, குண்டூசியால் ஒரு துளை போட்டாள் ஹுமைரா.

பச்சையால் முழுசாக அழித்தார்கள். விளக்கு மூன்றும் அணைந்திருந்தன.

“நீ போடுடா. உன் யோசனைதான,” என்றாள்.

“நான் போட்டா கோடு வளைஞ்சு போயிரும் லாத்தா. நீங்களே போடுங்க.”

ஹுமைரா டார்ச்சை வாங்கினாள். மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டாள். பேட்டரி மூலையிலிருந்து ஆரம்பித்து, புள்ளி அளவு ஊதா வெளிச்சத்தை மெல்ல நகர்த்தினாள். எறும்பு ஊர்கிற வேகம். படலத்தின் மேல் எந்தத் தடமும் தெரியவில்லை. போட்ட இடம் எது, போடாத இடம் எது என்று கண்ணுக்குப் புலப்படவில்லை. ஞாபகத்தில்தான் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பாதி வந்தாள். முக்கால் வந்தாள். வெள்ளிப் பொட்டைத் தொட்டாள்.

இரண்டாம் மூலையின் விளக்கு எரிந்தது. அது மட்டும்.

மூன்றாவதும் நான்காவதும் இருட்டாகவே இருந்தன. டார்ச்சை அணைத்தாள். இரண்டாவது விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. ஒரு கண்ணாடித் துண்டின் மேல், கண்ணுக்குத் தெரியாத ஒரு கம்பி. செம்பு இல்லை, ஈயம் இல்லை. வெறும் வெளிச்சத்தால் இழுத்தது.

“யா அல்லாஹ்,” என்றான் அஸார் மெதுவாக.

“பச்சை! பச்சையைக் குடு!” என்றார் மேடம். வாங்கி அவரே காட்டினார். விளக்கு மங்கி, துடித்து, அணைந்தது. உடனே ஊதா டார்ச்சைப் பிடுங்காத குறையாக வாங்கி, இந்தத் தடவை குறுக்காக நான்காம் மூலைக்கு ஒரு கோடு போட்டார். நேராகக்கூடப் போடவில்லை, அவசரத்தில் வளைந்து வளைந்து போனது. நான்காம் விளக்கு எரிந்தது.

“வளைஞ்சாலும் வேலை செய்யுது!” என்று குழந்தை மாதிரி கைதட்டினார். புடவை மடிப்பெல்லாம் கலைந்திருந்தது. “ஹுமைரா, வளைஞ்சாலும் வேலை செய்யுதும்மா!”

மதியம் மூன்றரை மணிவரை மாற்றி மாற்றிக் கோடு போட்டார்கள். அஸார் இரண்டு கோட்டைச் சேர்த்து ஒரே நேரத்தில் இரண்டு விளக்கை எரிய வைத்தான். ஒரு கோட்டின் நடுவில் மட்டும் பச்சைப் புள்ளி வைத்து அதைத் துண்டித்து, மறுபடி ஊதாவால் ஒட்டுப்போட்டான். “அறுந்த இடத்தைத் தேடி போஸ்ட்டு போஸ்ட்டா ஏற வேண்டாம் பாருங்க,” என்றான். அன்றைக்குச் சாயங்காலம் பாபநாசத்தில் கல்யாணப் பந்தல் விளக்கைப் போட வேண்டும் என்பது அப்புறம்தான் அவனுக்கு ஞாபகம் வந்தது. சாக்குகளை அங்கேயே விட்டுவிட்டு, ஓடினான்.

பஸ்ஸில் ஏறியதும் ஹுமைரா ஷார்ஜாவுக்குப் போன் போட்டாள். சொல்லச் சொல்ல முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இர்பானுக்குப் பாதி புரியவில்லை. “நீ இவ்வளவு சந்தோஷமா பேசி நான் கேட்டதே இல்ல. அதுவே போதும், சொல்லு சொல்லு,” என்றார்.

அதற்குப் பிறகு வந்தவை கடினமான மாதங்கள்தான். நாற்பத்தொன்று மாதிரியே இன்னொரு படலம் செய்ய முயன்றபோது மூன்று தடவை தோற்றார்கள். டங்ஸ்டன் அடுக்கு கொஞ்சம் கனத்தாலும் ஞாபகம் போய்விடுகிறது என்று கண்டுபிடிக்கவே ஐப்பசி மழை முழுசும் ஆயிற்று. நாற்பத்தைந்தாவது படலம் சரியாக வந்தது. தை மாதக் கெடு போனது. மேடமே கையெழுத்துப் போட்டு ஆறு மாதம் நீட்டிப்பு வாங்கிக் கொடுத்தார். ஆய்வின் தலைப்பும் மாறியது. பெங்களூரில் ஓர் ஆய்வகத்துக்கு ஒரு துண்டை அனுப்பி, தங்கள் விளக்குகளில் அவர்களே அளந்து பார்க்கச் சொன்னார்கள். பத்து நாள் கழித்து, ‘உங்கள் கோடு இங்கேயும் எரிகிறது’ என்று ஒரு வரிக் கடிதம் வந்தது.

கட்டுரை எழுதி முடித்த அன்று, பெயர்ப் பட்டியலில் மூன்றாவதாக ஒரு பெயரைத் தட்டச்சு செய்துவிட்டு, மேடம் முத்துப்பேட்டைக்கே போன் போட்டார்.

“தம்பி, உங்க பேரை இங்கிலீஷ்ல எப்படி எழுதுவீங்க?”

“எதுக்கு மேடம்?”

“கட்டுரையில உங்க பேரும் வருது.”

பக்கத்தில் இருந்த ஹுமைராவும் கேட்கட்டும் என்று மேடம் ஸ்பீக்கரைப் போட்டார். அஸார் கேட்டான்.

“மேடம், பேருக்குக் கீழ விலாசம் போடுவாங்கன்னு லாத்தா சொல்லியிருக்காங்க. எனக்குக் காலேஜ் எதுவும் கிடையாதே. கடை பேரைப் போடலாமா?”

மேடம் ஹுமைராவைப் பார்த்தார். ஹுமைரா சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள்.

“தாராளமா போடலாம்,” என்றார் மேடம். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அவன் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொல்ல, ‘அஸார் லைட் டெக்கரேஷன்ஸ், பஸ் ஸ்டாண்டு எதிரில், முத்துப்பேட்டை’ என்று தட்டச்சு செய்தார்.